ஒன்பதாம் பிரிவு

சைதாப்பேட்டை சார்பதிவாளர் அலுவலகத்தில்
கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள்.
என் கம்பெனி என் கையை விட்டுப் போன முகம்
சற்றே கோணலாக,
ஒரு கண் பாதி மூடி,
பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

"யாருக்கு எழுதிக் குடுக்கறீங்க?"
அறக்கட்டளைக்கு.
"கோயிலாம்மா?"
இல்லை. டயாலிசிஸ் மெஷின் ரிப்பேர்.
எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்,
வீட்டில் தெரியுமா என்பதுபோல.

வீட்டில் தெரியும்.
இரண்டு நாள் எட்வின் என்னோடு
செய்தித்தாளை மட்டும் பகிர்ந்துகொண்டார்.

குருகிராமிலிருந்து வந்தவர்கள் நல்லவர்கள்தான்.
எக்காட்டுத்தாங்கல் புழுக்கத்தில்
கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
ஒரு தொகை சொன்னார்கள்.
பழைய பில்லின் பின்பக்கம் எழுதி
சைபர்களை எண்ணினேன்,
மறுபடி எண்ணினேன்.
பெசன்ட் நகரில் கடல் தெரியும் பால்கனி ஒன்று
என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.
பொய் சொல்வானேன், எட்டிப் பார்த்தேன்.

ஏற்கெனவே ஒரு தரம் விற்கப்பட்டவள் நான்.
அம்பத்தூரில், முப்பத்தொரு வயதில்.
வெள்ளிக்கிழமை கேக் வெட்டினார்கள்,
திங்கட்கிழமை வாசலில் வேறு பெயர்.
எண்ணூற்று நாற்பது ரூபாய் வால்வு
மூவாயிரத்து இருநூறு ஆயிற்று.
கெட்டவர் என்று யாரையும் காட்ட முடியாது.
எங்கோ ஓர் ஊரில் யாரோ
ஒரு கட்டத்தை நிரப்பினார்கள், அவ்வளவுதான்.
திருவொற்றியூர்ச் சின்ன ஆஸ்பத்திரியில்
நான்கு மெஷினில் இரண்டுக்குத் துணி போர்த்தினார்கள்.
வாரம் மூன்று முறை வந்த ஆட்டோக்காரர் பரமகுரு
இரண்டு முறை வந்தார்.
பிறகு அவர் மனைவி மட்டும் வந்தார்,
கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்டு.

அன்றைக்கே எனக்குப் புரிந்தது என்றால் கதையாகிவிடும்.
அன்று எனக்குச் சம்பளம் கூட்டினார்கள்.
ஸ்கூட்டி வாங்கினேன்.

வெள்ளம் வந்த டிசம்பரில்
என் ஒர்க்‌ஷாப்புக்குள் இடுப்பளவு அடையாறு.
எபநேசரும் ரவூஃபும் யாரும் கூப்பிடாமல் வந்து
பதினோரு மெஷினை மாடியேற்றினார்கள்.
குமுதவல்லி ஸ்பேர் டப்பாக்களைத்
தலையில் வைத்துத் தண்ணீரில் நடந்தாள்.
பங்குதாரர் பதிவேட்டில் இருந்த ஒரே பெயர்
வேளச்சேரி மொட்டைமாடியில்
சிக்னல் தேடிக்கொண்டிருந்தது.

ஆடிட்டர் சக்கரபாணிக்கு மனசே ஆறவில்லை.
"உங்க பொண்ணுக்கு?"
படிப்பிருக்கிறது, வீடிருக்கிறது,
மெஷின் சத்தம் அவளுக்குத் தலைவலி.
"உங்களுக்கு?"
சம்பளம். போட்ட முதல், ஏழு வருடத் தவணையில்.
"நாளைக்கு மனசு மாறினா?"
அதற்குத்தான் சார் ஒன்பதாம் பிரிவு:
ஓட்டு அறக்கட்டளையிடம்,
லாபத்தில் ஒரு பங்கு உழைப்பவரிடம்,
மிச்சம் கம்பெனிக்கே;
விற்கும் உரிமை
எவருக்கும் எக்காலத்திலும் இல்லை.
நான் நல்லவள் என்பதால் எழுதியதல்ல.
அறுபது வயதில், முழங்கால் வலியோடு,
அந்த பால்கனி மறுபடி கூப்பிடும்போது
நான் யாராக இருப்பேனோ,
அவளை எனக்குத் தெரியாது.

நம் பேச்சில் சொந்தக்காரர் என்றால்
பத்திரத்தில் பெயருள்ளவரும் அவரே,
கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து
சாம்பாரில் உப்பில்லை என்பவரும் அவரே.
இனி நான் பந்திச் சொந்தம்.
குறை சொல்லலாம். விலை சொல்ல முடியாது.

வெளியே வந்தால் ரவூஃப் போனில்.
"மேடம், வால்வு விலையை ஏத்தணும்,
டாலர் எகிறிடுச்சு."
ஏத்தக்கூடாது என்று வாய்வரை வந்தது.
வியாழக்கிழமை கூட்டத்தில் பேசுவோம் என்றேன்.
ஏழு பேர். எனக்கு ஒரு கை.
தோற்றாலும் தோற்பேன்.

கட்டைவிரல் மை இன்னும் போகவில்லை.
தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொல்கிறாள் குமுதவல்லி.